கிட் காருக்குப் பெரிய சக்கரமும் லோ புரொஃபைல் டயரும்: பெங்களூருவில் பூட்டுவோருக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூருவில் பெரிய ரிம்மும் லோ புரொஃபைல் (பக்கச்சுவர் தாழ்ந்த) டயரும் வாங்குவது கடினமில்லை. ஸ்விஃப்ட் என்றோ ஐ20 என்றோ சொன்னால் கடைக்காரர் அளவை மனப்பாடமாகச் சொல்லி, அரை நாளில் பூட்டியும் அனுப்பிவிடுவார். உங்களுடையது கிட் கார், அதாவது தொகுப்பாக வரும் பாகங்களையும் வேறு கார்களின் பாகங்களையும் சேர்த்துக் கட்டிய கார் என்றால் நிலைமை வேறு. அதற்கென்று எந்தப் பட்டியலிலும் அளவு கிடையாது. முன் ஹப் (சக்கரத்தைப் பூட்டும் நடுப்பகுதி) ஒரு காரிலிருந்தும் பின் அச்சு இன்னொரு காரிலிருந்தும் வந்திருக்கக்கூடும். எடையோ சாதாரண ஹாட்ச்பேக்கைவிட முந்நூறு கிலோ குறைவு. "போட்டுப் பார்த்துக்கலாம் சார், உக்காந்துடும்" என்பதுதான் கடைகளில் நான் அதிகம் கேட்ட பதில். அப்படிப் போட்டுப் பார்த்தால் ஃபைபர் மட்கார்டும் உங்கள் பணமும் சேர்ந்து கிழியும். அளவெடுப்பதிலிருந்து காப்பீட்டுக் கடிதம் வரை நான் அலைந்து கற்றதை, அடுத்து வருபவர் அலையாமல் இருக்கட்டும் என்பதற்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

கணக்குகளுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் காரை வைத்துக்கொள்வோம்: ஸ்விஃப்ட் ஹப்புகளும் கியர்பாக்ஸும் கொண்ட, இருவர் அமரும், சுமார் 650 கிலோ எடையுள்ள கிட் கார், இப்போது அதில் இருப்பது 165/80 ஆர்14 டயர்.

1. ஆர்.சி. நிலையை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

ரிம்மைப் பார்க்கக் கிளம்புமுன் உங்கள் கார் சட்டப்படி எந்த வகையில் வருகிறது என்பது உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். புதிய காருக்குப் பதிவு கிடைக்க, விற்பனைச் சான்றான படிவம் 21, தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்றான படிவம் 22 ஆகியவை வேண்டும். படிவம் 22-க்குப் பின்னால் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரிலுள்ள ஐகேட் போன்ற சோதனை அமைப்புகளின் ஒப்புதல் இருக்க வேண்டும். வீட்டு கேரேஜில் கட்டிய காருக்கு இவற்றைத் தர ஆள் இல்லை. ஆகவே உங்கள் கார், தயாரிப்பாளரிடமிருந்து உரிய சான்றுகளோடு வந்து பதிவான காரா, பதிவே இல்லாத ட்ராக் காரா என்பதைப் பொறுத்து இரண்டு வழிகள் பிரிகின்றன.

பதிவான கார் என்றால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு உங்களைக் கட்டுப்படுத்தும். ஆர்.சி.யிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எனவே சாலையில் ஓடும் காருக்குப் பாதுகாப்பான வழி, தயாரிப்பாளர் தன் ஆவணத்தில் மாற்று அளவாக ஒப்புக்கொண்டிருக்கும் டயரையே தேர்ந்தெடுப்பதுதான். அந்த அளவுகளைத் தயாரிப்பாளரிடமிருந்து எழுத்தில் வாங்கி ஆர்.சி. நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வெளியே போவதானால் உங்கள் வட்டார ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். கவுன்டரில் ஒருவர் வாய்மொழியாகச் சொல்லும் "பரவாயில்லை" சாலையில் நிறுத்தப்படும்போது உதவாது.

பதிவில்லாத கார் என்றால், 39-ஆம் பிரிவின்படி அதைப் பொதுச் சாலையில் ஓட்டவே முடியாது. அத்தகைய காரைத் தட்டைப் படுகை லாரியில் ஏற்றி, இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கோ கோயம்புத்தூர் காரி ஸ்பீட்வேக்கோ கொண்டுபோய் ஓட்டுவதுதான் முறை. டயர் மாற்றக் கடைக்குப் போவதற்கும் லாரிதான். அல்லது சக்கரங்களை மட்டும் கழற்றி எடுத்துப் போக வேண்டும். பழைய ஸ்விஃப்டின் ஆர்.சி.யை வைத்துக்கொண்டு கிட் காரை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விபத்து நடந்தால் காப்பீடு நிற்காது, அடிபட்ட மனிதருக்கு நீங்கள் சொந்தப் பணத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

2. காரில் இருப்பதை அளந்து எழுதுங்கள்

ஒரு தாளில் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு எழுதுங்கள். முன்னும் பின்னும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கிட் காரில் அது பெரும்பாலும் பொய்யாகிவிடும்.

முதலில் பி.சி.டி., அதாவது ஸ்டட்களின் (நட்டு ஏறும் மரைக் கம்பிகளின்) மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம். ஸ்விஃப்டில் இது 4×100. மாருதி 800-இல் 4×114.3. இரண்டுமே நான்கு நட்டு, இரண்டுமே மாருதி என்பதால் கண்ணால் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். நான்கு ஸ்டட் இருந்தால், எதிரெதிராக உள்ள இரண்டின் மையத்திலிருந்து மையம் வரை வெர்னியரால் அளந்தால் நேரடியாகவே விட்டம் கிடைத்துவிடும்.

அடுத்தது ஹப்பின் நடு விட்டம். ஸ்விஃப்ட் ஹப்பில் 54.1 மி.மீ. கடைகளில் விற்கும் அலாய்களில் (கலப்பு உலோக ரிம்களில்) நடு ஓட்டை பெரும்பாலும் 67.1 அல்லது 73.1 மி.மீ. இருக்கும், எல்லாக் காருக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக. இந்த இடைவெளியை ஹப் ரிங் போட்டு நிரப்ப வேண்டும். ரிங் இல்லாமல் நட்டின் பிடியை மட்டும் நம்பிப் பூட்டினால் சக்கரம் நூலிழை விலகி உட்கார்ந்து, 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும்; எத்தனை முறை பாலன்சிங் செய்தாலும் அந்த நடுக்கம் போகாது.

ஸ்டட்டின் மரையையும் குறித்துக்கொள்ளுங்கள். மாருதியில் 12×1.25, ஹோண்டா, ஹூண்டாய் கார்களில் 12×1.5. தவறான நட்டு இரண்டு மூன்று சுற்று கையால் ஏறிவிட்டு இறுகும். அங்கே ஏர் கன்னை வைத்தால் ஸ்டட் போய்விடும். நட்டின் அடிப்பகுதியும் முக்கியம்: ஹோண்டாவின் நட்டு உருண்டை முகம் கொண்டது, கடை அலாய்கள் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு முகத்துக்கானவை. அலாயோடு அதற்குரிய புது நட்டுகளையும் சேர்த்தே வாங்குங்கள்.

கடைசியாக இடைவெளிகள். சக்கரம் பூட்டிய நிலையில் டயரின் உள்பக்கத்துக்கும் சஸ்பென்ஷன் கை, டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி), காயில் ஸ்பிரிங் ஆகியவற்றுக்கும் இடையே எத்தனை மி.மீ., வெளிப்பக்கத்துக்கும் மட்கார்ட் விளிம்புக்கும் இடையே எத்தனை மி.மீ. என்று அளந்து எழுதுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து மறுபடி அளக்க வேண்டும். இதைச் செய்ய அரை நாள் ஆகும். ஆனால் இந்தத் தாள் கையில் இருந்தால் கடையில் நீங்கள் பேசும் தோரணையே மாறிவிடும்.

3. மொத்த விட்டத்தைக் கணக்கிடுங்கள்

165/80 ஆர்14 என்பதில் 165 டயரின் அகலம் மி.மீ.யில், 80 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது, 14 ரிம்மின் விட்டம் அங்குலத்தில். ரிம்மை மி.மீ.க்கு மாற்ற 25.4-ஆல் பெருக்கி, அதோடு பக்கச்சுவர் உயரத்தின் இரு மடங்கைக் கூட்டினால் மொத்த விட்டம்.

நம் எடுத்துக்காட்டுக் காரில் 14 × 25.4 = 355.6, பக்கச்சுவர் 132 மி.மீ.; மொத்தம் 619.6 மி.மீ. இதற்கு ஈடாக 185/65 ஆர்15 போட்டால் 621.5, 195/55 ஆர்16 போட்டால் 620.9, 205/45 ஆர்17 போட்டால் 616.3. மூன்றுமே ஒரு விழுக்காட்டுக்குள் அடங்குகின்றன. 205/50 ஆர்17 போட்டால் 636.8 ஆகி, 2.8 விழுக்காடு கூடிவிடும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் ஏறத்தாழ 103-இல் ஓடும், மட்கார்டுக்குள் மேல் இடைவெளி 8 மி.மீ.க்கு மேல் குறையும். இரண்டு விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. மூன்றைத் தாண்டவே வேண்டாம்.

விட்டம் ஏறத்தாழ மாறாமல் இருக்கும்போது ரிம் பெரிதாகப் பெரிதாக மெலிவது பக்கச்சுவர்தான். மேலே சொன்ன வரிசையில் அது 132, 120, 107, 92 மி.மீ. என்று இறங்குகிறது. அடுத்த படியில் எடுக்க வேண்டிய முடிவு முழுவதும் இந்த நான்கு எண்களில் இருக்கிறது.

4. எந்த அளவில் நிற்பது

என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன்: பெங்களூருச் சாலையில் ஓடும் இலகுவான கிட் காருக்கு 16 அங்குலத்துக்கு மேல் தேவையில்லை; 15 அங்குலமே பலருக்குப் போதும். 17 அங்குலம் நிற்கும்போது அழகு, சமதளமான ட்ராக்கிலும் சமாளிக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் வெளிவட்டச் சாலையில் தண்ணீர் நிரம்பிய குழியின் ஆழம் தெரியாது. குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையே டயர் நசுங்கி உள்ளிழைகள் அறுந்தால் பக்கச்சுவரில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு புடைப்பு எழும். அந்த டயரை ஒட்ட முடியாது, தூக்கிப்போட வேண்டியதுதான். 92 மி.மீ. பக்கச்சுவரில் இது நடக்கும் வாய்ப்பு 120 மி.மீ. சுவரைவிட மிக அதிகம்.

கிட் காருக்கே உரிய வேறு காரணங்களும் உண்டு. காரின் எடை குறைவு என்பதால் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை, அதாவது ரிம், டயர், பிரேக் ஆகியவற்றின் எடை, மொத்தத்தில் பெரிய பங்கு வகிக்கிறது. சக்கரத்துக்கு மூன்று கிலோ கூடினால் 1,200 கிலோ காரில் அது தெரியாமல் போகலாம். 650 கிலோ காரில் மேடு பள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளுவதைக் கையிலேயே உணரலாம். பவர் ஸ்டியரிங் இல்லாத காரில் அகலமான டயர் போட்டால், அல்சூர் சந்துகளில் வண்டியை ஒடித்து நிறுத்துவதற்குள் தோள் வலித்துவிடும். மேலும் அகலம் கூடிய டயர் இலகுவான காரில் சூடாகவே நேரம் பிடிக்கும். ஈரச் சாலையில் தண்ணீரின் மேல் மிதக்கவும் எளிதாகத் தொடங்கும். பெரிய பிரேக் டிஸ்க் போடுவதற்காகத்தான் ரிம் மாற்றுகிறீர்கள் என்றால், அதன் கேலிப்பருக்கு (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்துக்கு) இடம்விடும் மிகச் சிறிய ரிம் எதுவோ அதுவே உங்கள் அளவு.

5. ஆஃப்செட்: ஏமாற்றம் இங்கேதான்

விட்டம் சரியாக இருந்தும் டயர் உரசுகிறது என்றால், பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே இது; ரிம்மில் இ.டி. 45, இ.டி. 38 என்று மி.மீ.யில் பொறித்திருக்கும். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளும்.

இப்போதைய ரிம் 5 ஜே (அதாவது 5 அங்குல) அகலம், இ.டி. 45 என்று கொள்ளுங்கள். கடைக்காரர் 16 அங்குலத்தில் 7 ஜே, இ.டி. 38 ரிம்மைக் காட்டுகிறார். அகலம் 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. கூடுகிறது, இதில் பாதியான 25.4 இருபுறமும் பிரியும். ஆஃப்செட் 7 குறைவதால் வெளி விளிம்பு 25.4 + 7 = 32.4 மி.மீ. வெளியே போகும், உள் விளிம்பு 25.4 − 7 = 18.4 மி.மீ. உள்ளே வரும். உங்கள் தாளில் மட்கார்ட் இடைவெளி 25 மி.மீ. என்று இருந்தால் இந்த ரிம் உங்களுக்கு இல்லை. அதே 16 அங்குலத்தில் 6.5 ஜே, இ.டி. 42 என்றால் வெளியே 22, உள்ளே 16 மி.மீ. மட்டுமே, 195/55 டயருக்கு 5.5 முதல் 7 ஜே வரை ஏற்றது என்பதால் 6 அல்லது 6.5 ஜே அகலமே தாராளம்.

சக்கரம் வெளியே போவதால் கெடுவது மட்கார்ட் மட்டுமன்று. ஸ்டியரிங் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் மாறுவதால், பிரேக் அடிக்கும்போதும் ஒரு பக்கச் சக்கரம் குழியில் விழும்போதும் ஸ்டியரிங் கையை இழுக்கும். வீல் பேரிங் மீது நெம்பு விசையும் கூடும்.

ஸ்பேசர் போட்டுச் சரிசெய்யலாம் என்பார்கள். நடுவில் ஹப்போடு பொருந்தும் வளையம் உள்ள ஸ்பேசர் மட்டுமே ஏற்கத்தக்கது. அதைப் போட்ட பிறகும் நட்டு ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரையில் ஏற வேண்டும், 12×1.25 ஸ்டட்டில் அது ஏறத்தாழ பத்துச் சுற்று, 12×1.5-இல் எட்டுச் சுற்று. அவ்வளவு ஏறவில்லை என்றால் நீளமான ஸ்டட் மாற்றுங்கள், அல்லது ஸ்பேசரைக் கைவிடுங்கள்.

6. ரிம் வாங்குவது

பெங்களூருவில் தேடலை ஜே.சி. ரோட்டில் தொடங்குவது வழக்கம். அங்கே பல கடைகளில் தமிழிலேயே பேசி முடிக்கலாம். கையில் இருக்கும் தாளைக் காட்டி, பி.சி.டி., அகலம், இ.டி., நடு ஓட்டை என்ற நான்கையும் ரிம்மின் பின்புறத்தில் பொறித்திருப்பதைப் பார்த்தே உறுதி செய்யுங்கள். அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பது போதாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோ, ஜப்பானியத் தர முத்திரைகளான ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. ஆகியவையோ, தாங்கும் எடையோ எதுவும் பொறிக்கப்படாத ரிம்மை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சிவாஜிநகர் குஜரியில் (பழைய பொருள் சந்தையில்) பழைய அலாய்களும் கிடைக்கும். கம்பெனி ரிம் என்பதால் உலோகத்தின் தரம் நன்றாக இருக்கும்; ஆனால் வளைந்ததைத் தட்டி நிமிர்த்தி, வெடித்ததை வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடித்து விற்பதும் உண்டு. உள்பக்க விளிம்பை விரலால் முழு வட்டமும் தடவிப் பாருங்கள். பெயின்ட்டுக்கு அடியில் சிறு மேடோ, தேய்த்துச் சமன் செய்த தட்டையோ விரலுக்குத் தட்டுப்படும். பிறகு பாலன்சிங் மெஷினில் டயர் இல்லாமல் வெறும் ரிம்மைச் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விளிம்பு ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பணம் கொடுக்குமுன், ஒரே ஒரு ரிம்மை எடுத்துப் போய்க் காரில் மாட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு சம்மதிக்கும் கடைகள் உண்டு; மறுக்கும் கடையில் கிட் காருக்கு வாங்காதீர்கள். மாட்டியதும் ஸ்போக்கின் பின்புறத்துக்கும் பிரேக் கேலிப்பருக்கும் இடையே குறைந்தது 3 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள்.

7. டயர் வாங்குவது

எளிதில் கிடைக்கும் அளவையே தேர்ந்தெடுங்கள். 185/65 ஆர்15, 195/55 ஆர்16 இரண்டும் ஸ்விஃப்ட், பலேனோ போன்ற கார்களில் வருவதால் எந்தக் கடையிலும் கிடைக்கும். அபூர்வமான அளவு என்றால் ஒரு டயர் கிழிந்தாலும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2020 ஜூனிலிருந்து டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருப்பதும் இதற்கு ஒரு காரணம்.

பக்கச்சுவரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும். டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும்: 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். நான்கு டயர்களும் ஆறு மாதத்துக்குள் தயாரானவையாகக் கேளுங்கள். தேக்கமடைந்த சரக்கைத் தள்ளுபடி என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

எடைக் குறியீட்டில் கிட் காருக்குச் சிக்கல் இல்லை. 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ, 88 என்றால் 560 கிலோ தாங்கும்; நமது காரில் ஓட்டுநரோடு சேர்த்தும் ஒரு டயருக்கு 200 கிலோவை ஒட்டித்தான் வரும். வேகக் குறியீடு எச் என்றால் 210, வி என்றால் 240 கி.மீ.; ட்ராக்குக்குப் போகிறவர் வி வாங்குவது நல்லது.

8. செலவும் காலமும்

விலை கடைக்குக் கடை மாறும். கையில் வைத்திருக்க வேண்டிய தொகையைத் தெரிந்துகொள்ள மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 16 அங்குல அலாய் நான்கும் சுமார் 28,000 முதல் 45,000 ரூபாய் வரை. 195/55 ஆர்16 டயர் ஒன்று சுமார் 6,000 முதல் 10,000 வரை. நட்டு, ஹப் ரிங், வால்வு எல்லாம் சேர்ந்து மூவாயிரம் முதல் ஐயாயிரம். பூட்டுதல், பாலன்சிங், அலைன்மென்ட் மூன்றும் சேர்த்து இரண்டாயிரத்தை ஒட்டி. லாரி வாடகை தனி. டயருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் இதை நினைவூட்டுங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பதற்கு இணங்காதீர்கள். டயர் வாரன்டிக்கும் காப்பீட்டுக்கும் பில்தான் ஆதாரம். அதில் நான்கு டயர்களின் வரிசை எண்களும் ரிம்மின் முழு அளவும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அளவெடுப்பது தொடங்கி அலைன்மென்ட் முடிய மூன்று வாரம் ஒதுக்குங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பதிலுக்குத்தான் அதிக நாள் ஆகும். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தில் போகாதீர்கள். ஊரே வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கும் நேரத்தில், பொறுமையாக மி.மீ. பார்த்து வேலை செய்ய எந்தக் கடையிலும் ஆள் இருக்காது.

9. காப்பீடு

பதிவான காருக்கு மட்டும் இது. பூட்டுவதற்கு முன்பே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: பழைய அளவு, புதிய அளவு, தயாரிப்பாளரின் ஒப்புதல் நகல், மதிப்பு. அலாயின் மதிப்பைப் பாலிசியில் தனியாகச் சேர்த்து எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்யும் எழுத்துத் திருத்தம்) வாங்குங்கள். முகவர் தொலைபேசியில் "சேர்த்துட்டேன்" என்று சொல்வது போதாது. திருத்திய பாலிசி கைக்கு வரும் வரை புதுச் சக்கரத்தில் சாலைக்குப் போக வேண்டாம்.

10. பூட்டும் நாள்

லோ புரொஃபைல் டயரை ரிம்மில் ஏற்ற, துணைக் கை உள்ள டயர் சேஞ்சர் மெஷின் தேவை. கம்பியால் நெம்பி ஏற்றும் கடையில் ரிம்மின் விளிம்பு கீறிப்போகும், டயரின் பீட் (ரிம்மில் உட்காரும் விளிம்பு) கிழிந்து காற்று கசியவும் கூடும். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது இலகுவான இடம். அதை வால்வுக்கு நேராக வைத்து ஏற்றச் சொல்லுங்கள். அப்படியும் ஒரு சக்கரத்துக்கு 60 கிராமுக்கு மேல் எடைத் துண்டு கேட்டால், டயரை ரிம்மில் அரை வட்டம் திருப்பி ஏற்றி மறுபடி பார்க்க வேண்டும்.

காரில் மாட்டும்போது ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, ஹப் ரிங்கைக் கையால் அழுத்தி உட்கார வையுங்கள். நட்டுகளைக் கையால் இறுதி வரை திருகி, எதிரெதிராக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால்) முடிக்க வேண்டும். மாருதி வகை 12 மி.மீ. ஸ்டட்டுக்கு 85 முதல் 100 நியூட்டன் மீட்டர் போதுமானது. ஏர் கன்னால் இறுதி இறுக்கு வைக்க விடாதீர்கள்.

உரசுகிறதா என்று பார்க்கச் சிறந்த வழி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதுதான். ஒரு மூலையின் காயில் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, டேம்பரை (ஷாக் அப்சார்பரை) மட்டும் மாட்டி, ஜாக்கியால் சக்கரத்தை மெல்ல மேலே தூக்குங்கள். பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் மேலே போவதைத் தடுக்கும் ரப்பர்) தொடும் இடத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்து, 6 மி.மீ. தடிமனுள்ள அட்டைத் துண்டு டயரைச் சுற்றி எல்லா இடத்திலும் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாத இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். கிட் காரில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது மூன்று இடங்கள்: டை ராட் முனை, மட்கார்டைத் தாங்கும் இரும்புக் கம்பி, ஃபைபர் உடலின் பின் வளைவின் உள்மடிப்பு. மடிப்பை அரைத்துக் குறைக்கலாம். டை ராட்டில் கை வைக்கக்கூடாது, ரிம்மைத்தான் மாற்ற வேண்டும்.

11. காற்றழுத்தமும் அலைன்மென்ட்டும்

ஸ்விஃப்டின் கதவில் ஒட்டியிருக்கும் அழுத்தம் ஸ்விஃப்டின் எடைக்கானது. 650 கிலோ காரில் 30 பி.எஸ்.ஐ. அடித்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டு, கார் கூழாங்கல்லின் மேல் உருள்வதுபோல் குதிக்கும். இந்த வகைக் கார்களில் ட்ராக்குக்கு 18 முதல் 22 பி.எஸ்.ஐ. வரை வழக்கம். ஆனால் பக்கச்சுவர் தாழ்ந்த டயரில் அவ்வளவு குறைத்துக்கொண்டு குழியில் இறங்கினால் ரிம் நெளியும். ஆகவே சாலைக்கு 24-இல் தொடங்கி, டயரின் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு, நூறு மீட்டர் நேராக ஓட்டிப் பாருங்கள். கோடு நடுவில் மட்டும் அழிந்தால் ஒன்றிரண்டு குறையுங்கள், ஓரங்களில் மட்டும் அழிந்தால் கூட்டுங்கள். அளப்பது எப்போதும் டயர் குளிர்ந்திருக்கும்போதுதான்.

அலைன்மென்ட் மெஷினில் உங்கள் காரின் பெயர் இருக்காது. ஆள் ஏதோ ஒரு மாருதியைத் தேர்ந்தெடுத்து, பச்சை விளக்கு எரிந்ததும் முடிந்தது என்பார். கிட் தயாரிப்பாளர் தந்த கேம்பர், காஸ்டர், டோ (சக்கரமும் ஸ்டியரிங் அச்சும் சாய்ந்தும் திரும்பியும் நிற்கும் கோணங்கள்) எண்களைத் தாளில் எழுதி எடுத்துப் போய், அந்த எண்களுக்கே வைக்கச் சொல்லுங்கள். அளக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு மணல் மூட்டை வைக்க வேண்டும். இலகுவான காரில் ஓட்டுநரின் எடையே உயரத்தையும் கேம்பரையும் மாற்றிவிடும். முன்மூக்கு தாழ்வான காராக இருந்தால் ராம்ப்பில் ஏறும்போது இடிக்காமல் இருக்க இரண்டு மரப்பலகைகளையும் உடன் கொண்டு போங்கள்.

12. முதல் ஐந்நூறு கிலோமீட்டர்

ஐம்பது கி.மீ. ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். புது அலாயில் நட்டின் இருக்கை சற்றுப் பதிந்து தளர்வது இயல்பு. முதல் இருநூறு கி.மீ. வரை புதிய டயரின் மேற்பரப்பு வழுக்கலாகவே இருக்கும் என்பதால் ஈரத்தில் கடுமையாகத் திருப்ப வேண்டாம். ஐந்நூறு கி.மீ. ஆனதும் காரைத் தூக்கி, ஒவ்வொரு டயரின் உள் தோளையும் உள்ளங்கையால் தடவுங்கள்; உரசல் இருந்தால் அங்கே பளபளப்பான கோடு விழுந்திருக்கும், மட்கார்டின் உள்ளே வெள்ளை ஃபைபர் தூள் ஒட்டியிருக்கும். தேய்மானம் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் டோவை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

பழைய 14 அங்குலச் சக்கரங்களை விற்றுவிடாதீர்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை அவற்றையே பூட்டி ஓட்டலாம்; புது நட்டு பழைய ரிம்முக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதால் பழைய நட்டுகளையும் அந்த ரிம்களோடு ஒரே பையில் கட்டி வையுங்கள்.